கொசுறாக ஊற்றிய ஆயில்

அந்தக் கம்பி ஒரு சாண் நீளம்கூட இருக்காது. ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறேன், பதினெட்டு சென்டிமீட்டர். நுனியில் இரண்டு கோடுகள் கீறியிருக்கும். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே பதினொரு மில்லிமீட்டர். ஜெனரேட்டர் எஞ்சினின் வயிற்றில் இருக்கும் ஆயில் அந்தப் பதினொரு மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். அதை டிப்ஸ்டிக் என்பவர்கள் உண்டு. என் சம்பந்தி ஆயில் கேஜ் என்பார். பழைய பனியன் துணியால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் துடைப்பார். மறுபடி உள்ளே விட்டு எடுத்து, நுனியில் ஒட்டிய சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்து, மூக்கருகே கொண்டுபோவார். கோட்டைப் பார்ப்பது கடைசியாகத்தான். இன்று காலை அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் பின்கட்டில் நிற்கிறேன். வானிலை அறிக்கையில் மறுபடி ஒரு புயலைச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு எழுபத்து மூன்று வயது.

ஐந்து வருஷமாக என் மனைவியின் நுரையீரலுக்குத் தானாக எடுக்கும் காற்று போதவில்லை. தழும்பேறி விறைத்துவிட்டது என்றார் டாக்டர். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஆக்சிஜன் மிஷின் இரவும் பகலும் ஓடுகிறது. அதிலிருந்து வரும் குழாய் ஏழு மீட்டர். சமையலறை நிலைப்படி வரை வருவாள், அதற்கு மேல் குழாய் எட்டாது. அங்கே நின்றபடியே எனக்குச் சமையல் சொல்லித் தருவாள். கரண்ட் போனால் மிஷின் கூவும். உடனே பக்கத்தில் நிற்கும் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்ற வேண்டும். அந்தச் சிலிண்டரும் சின்னது, சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும். மண்ணாடிப்பட்டுப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக நல்ல நாளிலேயே ஒரு மணி நேரம் ஆகும். அதனால்தான் டீசலில் ஓடும் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கினோம்.

நான் கரும்பாலையில் எடைமேடை எழுத்தராக முப்பத்தொரு வருஷம் இருந்தவன். டிராக்டர் மேடையில் ஏறியதும் முள் ஆடும். அது ஆடி அடங்கும் வரை பேனாவைத் திறக்க மாட்டேன். ஒரு கிலோ கூட்டி எழுதவும் எனக்கு உரிமை இல்லை, குறைத்து எழுதவும் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் அளந்த எதையும் அளந்தபடியே விடும் வழக்கம் கிடையாது. நெல்லை மரக்காலால் அளந்து முடித்தபின் குவியல்மேல் ஒரு கை அள்ளிப் போடுவார்கள். உலைக்கு அரிசி அளந்தாலும் ஒரு பிடி கூடப் போடுவார்கள். கொசுறு இல்லாத அளவு மூளி அளவு. ஆலையில் போட முடியாத கொசுறை எல்லாம் நான் வீட்டில் போட்டேன். மாத்திரை பத்து நாளுக்குக் கூடுதலாக, மெழுகுவத்தி ஒரு கட்டுக் கூடுதலாக, தண்ணீர்த் தொட்டி வழியும் வரை. பயந்த மனுஷனுக்குக் கொசுறு ஒரு தைரியம்.

சம்பந்தியை நான் முதலில் பார்த்தது அந்த எடைமேடை ஜன்னலில்தான். அப்போது அவர் கரும்பு டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். தடித்த உடம்பு, முழங்கை வரை கிரீஸ். பின்னால் இருபது வண்டி நின்ற ஒரு நாளில், முள் அடங்கவில்லை என்று நான் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இன்னா சார், அது இன்னா பாம்பா, படமெடுத்து அடங்கறதுக்கு? எழுதுங்க சார்" என்றார். வரிசையே சிரித்தது. அடங்கிய பிறகுதான் எழுதினேன். பிறகு அவர் டிராக்டரை விட்டுவிட்டுத் திருக்கனூர் கடைத்தெருவில் ஆயில், ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்தார். அவர் மகளையே என் மகனுக்குக் கேட்டுப் போவேன் என்று நான் நினைத்ததில்லை. தாம்பூலம் மாற்றிய அன்று எல்லார் முன்னாலும், "முள்ளு அடங்கிடுச்சா சார், எழுதிக்கலாமா?" என்று கேட்டார். அன்றிலிருந்து சார் போய் சம்பந்தி ஆனேன்.

ஜெனரேட்டர் வந்த வாரம் ஆயில் வாங்க அவர் கடைக்குப் போனேன். சுவர் முழுக்கக் கேன்கள். நோட்டை எடுத்து, கேன்களின் மேல் இருந்தவற்றை வரிசையாக எழுதினேன்: 10W-30, 15W-40, 20W-40, 20W-50, 80W-90, வெறும் 90, வெறும் 140. எண்களைக் கண்டு நான் பயந்ததே இல்லை. அங்கே பயந்தேன். W என்றால் வெயிட் என்று எடுத்துக்கொண்டேன். எடைமேடைக்காரனுக்கு வேறு என்ன தோன்றும்? பெரிய எண் என்றால் கனமான ஆயில், கனமான ஆயில் என்றால் கூடுதல் பாதுகாப்பு. 140 ரொம்பவே கெட்டியாகிவிடும் என்று தோன்றியதால் கொஞ்சம் இறங்கி, "தொண்ணூறு நம்பர் குடுங்க சம்பந்தி" என்றேன்.

"எஞ்சினுக்கா, கியர் பொட்டிக்கா?" என்றார். எஞ்சினுக்கு என்றதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தொண்ணூறு கியர் ஆயிலு. அதுக்கு வேற அளவு. அந்தத் தொண்ணூறும் எஞ்சின் ஆயில் நாப்பது அம்பதும் கெட்டியில கிட்டத்தட்ட ஒண்ணுதான். நீங்க டன்னையும் மூட்டையையும் ஒரே கட்டத்துல எழுதிக் கூட்டறீங்க சம்பந்தி."

W வெயிட் இல்லை, குளிர்காலம் என்றார். குளிரில் எஞ்சினைக் கிளப்பும்போது ஆயில் எவ்வளவு சீக்கிரம் ஓடும் என்பதை முதல் எண் காட்டும். எண் குறையக் குறையக் குளிரில் சுலபமாக ஓடும். "மார்கழில தேங்கா எண்ணெ பாட்டில்ல உறைஞ்சி நிக்குது, நல்லெண்ணெ ஓடுது இல்ல, அப்டி வச்சிக்குங்க." எஞ்சின் சூடேறிய பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது இரண்டாவது எண். நம் ஊர் வெயிலுக்கு முதல் எண் பெரிய விஷயம் இல்லை, இரண்டாவதைப் பாருங்கள் என்றார். பிறகு கேனைத் திருப்பிப் பின்பக்கத்தில் இருந்த சின்ன எழுத்தைக் காட்டினார். C என்று தொடங்கினால் டீசல் எஞ்சினுக்கு, S என்று தொடங்கினால் பெட்ரோலுக்கு. டீசல் அதிகக் கரி கக்கும், அந்தக் கரியைச் சுமக்கிற மருந்து இதில் கலந்திருக்கும். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. "எதுக்கும் கொஞ்சம் கெட்டியா இருந்தா நல்லது இல்லையா? உசுரு விஷயம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "உள்ள நூல் பருமனுக்கு வழி உட்டிருக்கான் சம்பந்தி. கூழு மாரி ஊத்துனா அது மேல ஏறதுக்குள்ள இரும்பும் இரும்பும் தேஞ்சிடும். தண்ணியா ஊத்துனா சூட்டுல நிக்காது. எஞ்சின் மேல தகடு ஒட்டியிருக்குது பாருங்க, அதுல இன்னா போட்டிருக்குதோ அத்த ஊத்துங்க. உங்க பயத்துக்கு ஏத்த மாரி ஊத்தாதீங்க. எஞ்சினுக்கு உங்க பயம் தெரியாது."

தகட்டில் இருந்தது 15W-40. அதையே கொடுத்தார். அளவு பார்க்கும் முறையையும் சொன்னார். எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிஷம் விட வேண்டும், மேலே ஏறிய ஆயில் எல்லாம் கீழே வடிய அவ்வளவு நேரம் ஆகும். எஞ்சின் சமமான தரையில் நிற்க வேண்டும். ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தால் போதும். கீழ்க் கோட்டுக்குக் கீழே போனால் எஞ்சின் சுற்ற முடியாமல் இறுகிப் பிடித்துக்கொள்ளும். "மேல் கோட்டுக்கு மேல போனா அத விட மோசம்" என்றார். ஏன் மோசம் என்று நான் கேட்கவில்லை. குறைவதுதான் மோசம், கூடினால் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். நோட்டில் அந்த ஒரு வரியை மட்டும் எழுதாமல் விட்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன் கார்த்திகையில் வந்த புயல் விடியற்காலையில் எங்களைக் கடந்தது. விடிந்தபோது மின்கம்பங்கள் வயலில் கிடந்தன. சாலையில் புளியமரங்கள். பின்கட்டில் கணுக்கால் வரை தண்ணீர், ஜெனரேட்டரின் கால்கள் அதில் நின்றன. பக்கத்து வீட்டிலிருந்து நான்கு பேர் வந்து, அதைத் தூக்கித் துணி துவைக்கிற சிமென்ட் மேடைமேல் வைத்தார்கள். மேட்டில் இருக்கிறது, பயமில்லை என்று நினைத்தேன். துவைக்கிற மேடை தண்ணீர் வழிய வேண்டும் என்பதற்காக நானே நின்று சரிவாகக் கட்டச் சொன்னது என்பது நினைவுக்கு வரவில்லை. எஞ்சின் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. கம்பி இருந்தது மேட்டுப் பக்கம், ஆயில் தேங்கியது பள்ளத்துப் பக்கம்.

காலையும் மாலையும் டீசல் ஊற்ற எஞ்சினை நிறுத்துவேன். அப்போதே ஆயிலும் பார்ப்பேன். நிறுத்தும் நேரமெல்லாம் அவள் சிலிண்டரில் இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் சிலிண்டரின் முள் கொஞ்சம் இறங்கும். சிலிண்டர் மாற்ற வழியில்லை. செல்போன் டவரும் இரண்டாம் நாள் செத்துவிட்டது. பத்து நிமிஷம் காத்திருக்க என்னால் முடியவில்லை. முதல் நாள் ஆறு நிமிஷம் விட்டேன். மறுநாள் நான்கு. மூன்றாம் நாள் இரண்டு. நான்காம் நாள் காலை எண்பது எண்ணி முடித்துக் கம்பியை உருவினேன். நேரம் குறையக் குறைய ஆயில் வடிந்து சேரவில்லை, கம்பி குறைத்துத்தான் காட்டியது. குறைகிறதே, எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறதே என்று நினைத்தேன். கேன் மூடியால் அளந்து மேல் கோடு வரை ஊற்றினேன். ஊற்றிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கொசுறாக ஒரு மூடி. நோட்டில் நேரம் போட்டுக் குறித்தேன். நான்கு நாளில் ஏழு தடவை.

நான்காம் நாள் பத்து மணி இருக்கும். கரும்பு டிராக்டர் ஒன்றில் நின்றபடி சம்பந்தி வந்து இறங்கினார். போன் போகவில்லை என்பதையே செய்தியாக எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். இடுப்பு வரை சேறு. கையில் இரண்டு டீசல் கேன், ஒரு ஆயில் கேன், என் மனைவிக்குப் பிடித்த பொரி ஒரு பை. அவள் கட்டிலில் இருந்தபடியே, "வாங்கண்ணா. உங்க சம்பந்தி எஞ்சினுக்குப் பாலு ஊட்டற மாரி ஊட்டிக்கிட்டு இருக்காரு, என்னைக்கூட அப்டி கவனிக்கல" என்றாள். அவர் சிரித்தபடி டீ டம்ளரை வாங்கிக்கொண்டு, "எத்தினி தடவ ஊத்துனீங்க?" என்று கேட்டார். நான் கொஞ்சம் பெருமையாகவே நோட்டைப் பார்த்துச் சொன்னேன். "ஏழு."

டம்ளரைக் கீழே வைத்தார். "எங்க ஒழுகுது?"

"ஒழுகல. நாலு பக்கமும் பாத்துட்டேன்."

"பொகை வருதா?"

"இன்னிக்குக் காலையிலேருந்து கொஞ்சம் நீலமா."

"ஒழுகாத எஞ்சினுக்கு ஏழு தடவ ஊத்துனா, அதெல்லாம் எங்க போச்சி சம்பந்தி? கூட்டலே போட்டிருக்கீங்க, கழிக்கவே இல்லியா?"

அந்தக் கேள்வி முழுதாக என் காதில் இறங்குவதற்குள் பின்கட்டில் எஞ்சின் சத்தம் மாறியது. நான்கு நாளாக ஒரே சுருதியில் ஓடியது, தானாகவே மேலே ஏறத் தொடங்கியது. அறையில் பல்பு மஞ்சளிலிருந்து வெள்ளையானது. நான் பின்கட்டுக்கு ஓடினேன். வெளுத்த நீலப் புகையில் எஞ்சினே தெரியவில்லை. நிறுத்தும் லீவரை இழுத்தேன், நிற்கவில்லை. டீசல் குழாயை அடைத்தேன், நிற்கவில்லை. சத்தம் இன்னும் ஏறியது. அடைத்த பிறகும் ஓடுகிற எஞ்சினை என் ஆயுளில் நான் பார்த்ததில்லை. கூடுதலாகக் கிடந்த ஆயில், எஞ்சினின் மூச்சுக்குழாய் வழியாகக் காற்றோடு உள்ளே போயிருக்கிறது. எஞ்சின் அதையே டீசலாக எரிக்கத் தொடங்கிவிட்டது. நான் ஊற்றிய கொசுறு அத்தனையும் அதற்குச் சாப்பாடு. அது தீரும் வரை ஓடும், அல்லது வெடிக்கும். அவர் ஏன் மோசம் என்று சொன்னார் என்பது அப்போது புரிந்தது.

சம்பந்தி என்னைத் தோளில் பிடித்துத் தள்ளினார். மேடை ஓரத்தில் தண்ணீரில் கிடந்த கோணிச் சாக்கு ஒன்றை எடுத்து நான்காக மடித்தார். எஞ்சின் காற்று இழுக்கும் வாயில் அதை வைத்துத் தன் முழு உடம்பாலும் அழுத்தினார். "காத்த அடைச்சாத்தான் சாவும்!" என்று கத்தினார். சாக்கு உள்ளே இழுபட்டது. எஞ்சின் ஒரு தடவை விக்கியது. மறுபடி இழுத்தது. மறுபடி விக்கியது. அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். சிலிண்டர் மாற்றும் சில நொடிகளில் உள்ளே கட்டிலில் நான் கேட்கிற சத்தம் அது. காற்றில்லாமல் ஒன்று திணறுவதைப் பார்த்துக்கொண்டு, அது சீக்கிரம் அடங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன். அப்படி வேண்டியதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. கடைசியாக ஒரு நடுக்கம். பிறகு தவளைச் சத்தம் மட்டும் கேட்டது.

உள்ளே மிஷின் கூவவில்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. ஓடிப்போய்ப் பார்த்தால், அவள் கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்திருந்தாள். மிஷினின் பிளக் அவள் கையில். சிலிண்டர் குழாய் மூக்கில். "பல்பு வெள்ளையா எரிஞ்சிது. மிஷின் கருகிடும்னு அணைச்சிட்டுப் புடுங்கிட்டேன்" என்றாள், நான்கு மூச்சில். சிலிண்டரின் முள் சிவப்பில் நின்றது.

மேடையின் சரிவைச் சம்பந்தி ஒரே பார்வையில் கண்டுபிடித்தார். இரண்டு கால்களுக்கு அடியில் பலகைத் துண்டுகளைச் செருகி, மேலே ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் வைத்து, அது எந்தப் பக்கமும் சாயாத வரை தட்டினார். அடைப்பானைத் திறந்து ஆயிலை வடித்தார். தகட்டில் போட்டிருப்பது ஒன்றரை லிட்டர். அவ்வளவு குடித்த பிறகும் வெளியே வந்தது இரண்டு லிட்டருக்கு மேல். காற்றுவாய், மூச்சுக்குழாய் எல்லாம் துடைத்தார். எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தார். பிடிக்காமல் சுற்றியது. கொண்டுவந்திருந்த புது 15W-40ஐ ஊற்றினார். நான் சாவிப் பக்கம் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பத்து நிமிஷம்."

"சிலிண்டர் முடியப் போவுது சம்பந்தி."

"தெரியும். இப்ப தப்பாப் பாத்துட்டு ஓட்டுனா மறுபடி இதே கதைதான். எடமேடையில முள்ளு அடங்கறவரைக்கும் இருவது வண்டிய நிக்க வச்ச ஆளு நீங்க. அன்னிக்கு நான் கத்துனேன், நீங்க அசையல. இன்னிக்கு இன்னா அவசரம்?"

நின்றேன். அறுநூறு வரை எண்ணினேன். உள்ளே அவள் மூச்சு, இங்கே என் எண்ணிக்கை, இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர். முந்நூற்று நாற்பதில் அவள் இருமினாள். நான்கு எண்ணிக்கையை விட்டுவிட்டேன், அந்த நான்கையும் சேர்த்துக்கொண்டேன். அறுநூறு ஆனதும் அவர் கம்பியை உருவித் துடைத்து, விட்டு எடுத்து, என்னிடம் நீட்டினார். நடுவில் நின்றது. என் கண் தானாகக் கேன் பக்கம் போனதை அவர் பார்த்திருக்க வேண்டும். கேனை எடுத்துத் தன் காலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். சாவியைத் திருப்பினோம். இரண்டாம் தடவையில் எஞ்சின் கிளம்பியது. அறையில் பல்பு மஞ்சளாக எரிந்தது. மிஷின் ஓடத் தொடங்கியதும் அவள் முதலில் சொன்னது, "கொசுறு போட்டே என்னை அனுப்பப் பாத்தாரு, அண்ணா" என்பதுதான். அவர் பொரிப் பையைப் பிரித்து அவள் மடியில் வைத்தார்.

மறுநாள் போன் வந்தது. ஓசூரிலிருந்து மருமகள் அழுதுகொண்டே, என்ன ஆயிற்று என்று அப்பாவிடம் கேட்டாள். "ஒண்ணும் இல்லம்மா, எஞ்சின்ல சின்ன அடைப்பு. உங்க மாமா நல்லாத்தான் பாத்துக்கினு இருந்தாரு" என்றார். என் பக்கம் பார்க்காமல் சொன்னார். அதற்குப் பிறகு எந்த விசேஷத்திலும், எவ்வளவு கேலி செய்த போதும், அந்த ஏழு தடவையை அவர் வாயில் எடுக்கவில்லை. நடந்தது எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரியும். போன வருஷம் பங்குனியில் கடையில் உட்கார்ந்தபடியே அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அதன் பிறகு தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அதைத்தான் இப்போது எழுதிவிட்டேன். மருமகள் படிப்பாள். படிக்கட்டும்.

அவர் போன பிறகு என் பயம் இரட்டிப்பாகிவிட்டது. போன் செத்தால் அதையே செய்தியாக எடுத்துக்கொண்டு இடுப்புச் சேற்றில் வர இனி யாரும் இல்லை. ஜெனரேட்டருக்குச் சமமாக ஒரு மேடை கட்டியாயிற்று. தாம்பாளம் வைத்துப் பார்த்தும் ஆயிற்று. டீசல் மூன்று கேன், சிலிண்டர் இப்போது இரண்டு. கம்பிக்கு மட்டும் கொசுறு கிடையாது என்பதை நான் பழக வேண்டியிருக்கிறது. மூன்று வருஷமாகப் பழகுகிறேன், இன்னும் வரவில்லை.

இன்று காலை சோதனைக்காகக் கால் மணி நேரம் ஓட்டி நிறுத்தினேன். அறுநூறு எண்ணினேன். கம்பியை உருவி, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் துடைத்து, விட்டு எடுத்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவே, நடுவுக்கு ஒரு நூல் கீழே நின்றது. ஒரு நூல்தான். வடக்கே வானம் கறுத்திருந்தது. கை கேன் மூடியைத் திறந்துவிட்டது.

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "இன்னா சத்தத்தையே காணோம்? ஊத்தறீங்களா?"

"இல்ல" என்றேன்.

மூடியைத் திருகினேன். கம்பியை அதன் துளையில் இறக்கினேன். பிறகு சுவரில் மாட்டியிருந்த கோணிச் சாக்கை எடுத்து, தொட்டித் தண்ணீரில் முக்கி, நான்காக மடித்து, எஞ்சினுக்குப் பக்கத்தில், கை எட்டுகிற தூரத்தில் வைத்தேன்.